பெர்லினில் குடியேறுவது எப்படி? தபால்பெட்டியிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

பெர்லினுக்கு வந்த முதல் ஆறு வாரம் எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. ஜெர்மனியில் கடிதமாகக் கொட்டும் என்று பயமுறுத்தினார்களே, நமக்கு ஒன்றும் வரக் காணோமே என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் ஒழுங்காகப் புறப்பட்டு வந்திருக்கின்றன. என் பெயர் இல்லாத தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போயிருக்கின்றன.

இங்கே முகவரியில் கதவு எண் பெரும்பாலும் இருக்காது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் முப்பது குடித்தனம் இருந்தாலும் தபால்காரர் பார்ப்பது அழைப்புமணியிலும் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயரைத்தான். அங்கே பெயர் இல்லையென்றால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நீங்கள் ஊரிலேயே இல்லை.

வேலை கிடைத்து, விசா வாங்கி, தமிழ்நாட்டிலிருந்து பெர்லினுக்குக் கிளம்பும் ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாணவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இந்த ஊரில் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போட்டு நிற்கின்றன. முகவரி இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் வரி எண் இல்லை, வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் பெரிய வெட்டு. அதனால் எதை முதலில் செய்வது என்பது தெரிந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஆனால் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் அப்பாவின் முழுப்பெயர் இருந்தால், இங்கே அதுதான் உங்கள் குடும்பப்பெயர். வங்கி, மருத்துவமனை, அலுவலகம் எல்லா இடத்திலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். முதல் நாள் அலுவலகத்தில் யாரோ 'ஹெர் முருகேசன்', அதாவது திரு. முருகேசன் என்று கூப்பிட, அப்பா எங்கே இங்கே வந்தார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

சிரித்துவிட்டு விடக்கூடிய விஷயமில்லை இது. எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், மகளுக்கு என் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர். ஜெர்மன் அதிகாரிக்கு இது மூன்று அந்நியர்கள் சேர்ந்து வாழும் வீடு போலத் தெரியும். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை அவசியம் எடுத்து வாருங்கள். அவற்றை ஜெர்மனுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தால், நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்ததுதான் செல்லும். தெரிந்த பையன் செய்து கொடுத்தது செல்லாது.

பெட்டியில் என்ன வைப்பது? பொடி வகைகள், வற்றல், ஊறுகாய் தாராளமாக வைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தில் போய்விடும். தாவரங்களுக்குச் சுகாதாரச் சான்று கேட்பதால் கறிவேப்பிலைக் கட்டுக்கும் அதே கதிதான். மிக்சியைக் கொண்டுவரலாம். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் நம் மூன்று கால் பிளக் இங்குள்ள பிளக் பாயின்ட்டில் நுழையாது, அடாப்டர் வேண்டும். குக்கர் வாங்குவதாக இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்கிற அடிப்பாகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது.

முதல் கூரை, முதல் பதிவு

வந்தவுடன் நிரந்தர வீடு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்குத் தளவாடங்களோடு தற்காலிக வீடு எடுப்பதுதான் நடைமுறை. எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா? அன்மெல்டுங் என்றால் குடியிருப்புப் பதிவு. முடியாது என்று சொல்கிற வீடு வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். அங்கே நீங்கள் தங்கலாம், ஆனால் வாழ்க்கையைத் தொடங்க முடியாது.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு நடக்கும் இடம் ப்யூர்கர்அம்ட் என்னும் குடிமக்கள் அலுவலகம். உங்கள் பகுதியில் இருப்பதற்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பெர்லினில் எந்தக் கிளைக்கும் போகலாம். முன்பதிவு நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. நம் ஊரில் தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கலை கொஞ்சம் கைவரும். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையதளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்தான நேரங்கள் அவ்வப்போது வந்து விழும். 115 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் நேரமே கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். நேரம் தேடிப் பதிவு செய்ததற்கான சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், திருமணமானவர் என்றால் அந்தச் சான்றிதழ், அப்புறம் வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிக் கடிதம். அந்தக் கடிதத்தின் ஜெர்மன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங். சொல்லிப் பழகத் தேவையில்லை, காகிதம் கையில் இருந்தால் போதும். வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை, பத்து நிமிடத்தில் முத்திரை குத்திய தாள் கைக்கு வந்துவிடும்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. கத்தோலிக்கர் என்றோ இவாஞ்சலிக்கல், அதாவது புராட்டஸ்டன்ட் என்றோ நிரப்பினால் உங்கள் வருமான வரியில் 9 சதவீதம் தேவாலய வரியாகக் கூடுதலாகப் பிடிக்கப்படும். தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்த நண்பர்கள் சிலர் விவரம் தெரியாமல் எழுதிவிட்டு, சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைத்தார்கள். கொடுக்க விரும்பினால் மனமாரக் கொடுங்கள், தெரிந்து கொடுங்கள் என்பதுதான் என் கருத்து.

பதிவு முடிந்த அன்றே தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் பெயர் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பெயரும் ஏறியிருக்கின்றன. பெட்டியில் இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. வேறொருவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தால், கடிதம் எழுதுபவர்களிடம் முகவரியில் அந்த வீட்டுக்காரர் பெயரையும் 'மேற்பார்வை' என்பதுபோலச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வரி எண், வங்கி, காப்பீடு

பதிவு செய்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வாழ்நாள் முழுக்க அதே எண்தான். அது அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்வரை உங்களை ஆறாம் வரி வகுப்பில் வைத்து உச்சபட்சமாகப் பிடித்தம் செய்யக்கூடும். அந்தப் பணம் பிறகு திரும்பிவிடும், ஆனால் முதல் மாதச் சம்பளத்தை நம்பி முன்பணம் கட்டக் காத்திருப்பவருக்கு அது பெரிய அடி. ஊரிலிருந்து வரும்போது மூன்று மாதச் செலவுக்காவது பணம் கொண்டுவரச் சொல்வது இதனால்தான்.

வங்கிக் கணக்கில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வாடகை, மின்சாரம், காப்பீடு எல்லாவற்றையும் நிறுவனங்களே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை இங்கே சகஜம். நம் ஆட்களுக்கு அதில் ஒரு பயம் உண்டு. தப்பாக எடுத்துவிட்டால் எட்டு வாரத்துக்குள் வங்கியிடம் சொல்லித் திருப்பி வாங்கலாம், காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. அப்புறம், பர்சில் எப்போதும் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். சின்ன உணவகங்களில் இன்னமும் அட்டை வாங்க மாட்டார்கள். யூபிஐக்குப் பழகிய கை முதல் மாதம் தவிக்கும்.

உடல்நலக் காப்பீடு கட்டாயம். அரசுசார் காப்பீடு, தனியார் காப்பீடு என இரண்டு வழி. சம்பளம் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் இருந்தால்தான் தனியாருக்குப் போக முடியும். இளைஞர்களுக்குத் தனியார் மலிவாகக் கிடைக்கும், ஆசை காட்டுவார்கள். என்னைக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். அரசுசார் காப்பீட்டில் வருமானமில்லாத துணைவருக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் கட்டணமே இல்லை. தனியாரில் ஆளுக்கு ஒரு கட்டணம், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும், திரும்பி வருவதும் கஷ்டம்.

கட்டாயமில்லை என்றாலும் பொறுப்புக் காப்பீடு எடுத்துவிடுங்கள். ஹாஃப்ட்ப்ஃலிக்ட் என்பார்கள். ஆண்டுக்குச் சில பத்து யூரோதான். அடுத்தவர் பொருளுக்கு நீங்கள் செய்யும் சேதத்தை அது கட்டும். சாவி தொலைந்தால் கட்டுமா என்று மட்டும் பார்த்து எடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வீடு தேடும் படலம்

இதுதான் இந்த ஊரின் ஆகப்பெரிய சோதனை. ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் மாடிப்படியில் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அத்தனை பேர் கையிலும் கோப்பு இருக்கும்.

முதலில் கணக்கு. இரண்டு அறை வீடு என்று போட்டிருந்தால் அது நம் ஊர் ஒரு படுக்கையறை வீடு. கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. வாடகையில் குளிர்வாடகை, வெதுவாடகை என்று இரண்டு உண்டு. கால்ட்மீட்டே என்பது வெறும் வீட்டுக்கு. வார்ம்மீட்டே என்பது தண்ணீர், குப்பை, பெரும்பாலும் வெப்பமூட்டல் எல்லாம் சேர்த்து. மின்சாரமும் இணையமும் இதற்கும் வெளியே. ஆண்டுக்கொரு முறை வெப்பமூட்டல் கணக்கைச் சரிபார்த்து, கூடுதலாகச் செலவழித்திருந்தால் பாக்கி கேட்டுக் கடிதம் வரும்.

முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் குளிர்வாடகைதான். அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நல்ல செய்தி. இன்னொரு நல்ல செய்தி, வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் காசு தர வேண்டியதில்லை. 2015 முதல் யார் அமர்த்துகிறாரோ அவரே கட்ட வேண்டும்.

கோப்பில் பாஸ்போர்ட் நகல், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் 'வாடகை பாக்கி இல்லை' என்று தந்த தாள், ஷூஃபா அறிக்கை இவை இருக்க வேண்டும். ஷூஃபா என்பது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் நம் சிபில் போன்றது. புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றும் இருக்காது, பரவாயில்லை, காலியாக இருப்பதும் கெட்ட பெயர் இல்லாததற்குச் சான்றுதான். வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்கென்று ஏறத்தாழ 30 யூரோவுக்கு ஒரு சான்றிதழ் விற்கிறார்கள். உங்களைப் பற்றி அவர்களிடம் உள்ள விவரங்களின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கவும் சட்டம் இடம் தருகிறது. அதில் தனிப்பட்ட விவரங்கள் அதிகம் இருக்கும், தேவையானதை மட்டும் காட்டுங்கள்.

தனியார் தளங்களோடு நிற்காமல் மாநகர வீட்டு நிறுவனங்களையும் பாருங்கள். டெகேவோ, கேஸோபாவ், கேவோபாக், ஹோவோகே, ஷ்டாட் உண்ட் லாண்ட், வேபேஎம் ஆகிய ஆறும் பெர்லின் மாநிலத்துக்குச் சொந்தமானவை. வாடகை பொதுவாக நியாயமாக இருக்கும். மையத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் மார்ட்சான், ஷ்பான்டாவ், லிஷ்டன்பெர்க் பக்கம் போனால் வாய்ப்பு கூடும்.

வீட்டைப் பார்க்காமல் எவருக்கும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். 'நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடிதான், விதிவிலக்கே கிடையாது.

வீடு கிடைத்துவிட்டதா? உள்ளே போனால் பல வீடுகளில் சமையலறையில் அலமாரி இருக்காது, சில வீடுகளில் அடுப்பும் கழுவும் தொட்டியும்கூட இருக்காது. கூரையிலிருந்து இரண்டு மின்கம்பி மட்டும் தொங்கும். முன்பு இருந்தவர் விளக்கைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அது வழக்கம், திருட்டு இல்லை. விளம்பரத்தில் 'உள்ளமைந்த சமையலறை' என்று இருந்தால் ஆயிரக்கணக்கான யூரோ மிச்சம் என்று பொருள். சாவி வாங்கும் நாளில் சுவர், தரை, சன்னல், கழிப்பறை எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒப்படைப்புத் தாளில் ஒவ்வொரு கீறலையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காலி செய்யும்போது முன்பணம் திரும்ப அந்தத் தாள்தான் துணை. காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும், அதுவும் கையெழுத்திட்ட கடிதமாக. மின்னஞ்சல் செல்லாது.

வீட்டுக்குள் வாழ்வது

பெர்லின் கதவுகளுக்கு வெளிப்பக்கம் சுழலும் கைப்பிடி கிடையாது. இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். குப்பை போட லுங்கியோடு கீழே இறங்கினேன், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. பிப்ரவரி மாதம். பூட்டுத் திறக்க வந்தவர் இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டு 280 யூரோ வாங்கிக்கொண்டு போனார். இணையத்தில் முதலில் வரும் எண்ணை அழைத்தால் இப்படித்தான். நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். சாவி தொலைந்தால் இன்னும் மோசம். சில கட்டடங்களில் வெளிக்கதவு, நிலவறை, வீடு எல்லாவற்றுக்கும் ஒரே சாவித் தொகுப்பு. ஒன்று தொலைந்தாலும் கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். பொறுப்புக் காப்பீட்டில் சாவி சேர்த்திருக்கிறதா பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

குளிர்காலத்தில் வெப்பத்தை ஏற்றிவிட்டு சன்னலையே திறக்காமல் இருப்பது நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் தவறு. நாம் சோறு வடிப்போம், குழம்பு கொதிக்க விடுவோம், துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்துவோம். ஈரமெல்லாம் சுவரில் படிந்து கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்காரர் உங்கள் மேல்தான் பழி போடுவார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை எல்லா சன்னலையும் அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட விடுங்கள், வெளியே மைனஸ் ஐந்தாக இருந்தாலும். சன்னலைச் சாய்த்து வைத்துவிட்டு நாள் முழுக்க விடுவதில் பலன் இல்லை, வெப்பம்தான் வீண்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். ஞாயிறு காலை தேங்காய்ச் சட்னி அரைக்கும் ஆசை இருந்தால் சனிக்கிழமையே அரைத்து வையுங்கள். எங்கள் மாடிக்குக் கீழே இருந்த பெண்மணி குக்கர் விசில் கேட்டு முதல் வாரம் மேலே ஓடி வந்தார், தீயணைப்பு எச்சரிக்கை என்று நினைத்துவிட்டாராம். புகை உணரும் கருவி எல்லா வீட்டிலும் கட்டாயம் உண்டு. மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு சன்னலைத் திறந்துவிடுங்கள். இட்லி மாவு குளிரில் பொங்காது. ஓவன் அடுப்பைச் சூடேற்றாமல், அதன் உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை இரவு முழுக்க உள்ளே வையுங்கள். காலையில் மெரினா அலைபோலப் பொங்கியிருக்கும்.

குப்பைக்கு நிறம் உண்டு. காகிதம் நீலம், சமையல் கழிவு பழுப்பு, பிளாஸ்டிக்கும் உலோகமும் மஞ்சள், மீதி கறுப்பு. கண்ணாடியை வெள்ளை வேறு, வண்ணம் வேறு என்று பிரித்துப் போட வேண்டும், அதையும் ஞாயிறன்று போடக்கூடாது. தண்ணீர், சோடா வாங்கும் பாட்டிலுக்குக் காப்புத்தொகை உண்டு. ஒருமுறை பயன்படும் பாட்டிலுக்கு 25 சென்ட், சாதாரண பியர் பாட்டிலுக்கு 8 சென்ட். சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டு வாங்கிக்கொள்ளலாம். தெருவில் குடித்தால் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் வைப்பது இந்த ஊர் வழக்கம். அதைப் பொறுக்கி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கடிதங்கள்

வரும் கடிதம் எதையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். இரண்டு துளை போடும் கருவியும் தடித்த கோப்பும் முதல் வாரமே வாங்குங்கள். அரசு முடிவை எதிர்த்து முறையிட பொதுவாக ஒரு மாதம்தான் அவகாசம். மஞ்சள் உறையில் வந்தால் உறையையும் சேர்த்து வைக்க வேண்டும், அதில் தபால்காரர் எழுதிய தேதியிலிருந்துதான் அவகாசம் ஓடுகிறது. மொழி புரியாவிட்டால் தொலைபேசிச் செயலியில் படம் பிடித்து மொழிபெயர்க்கலாம், ஆனால் அன்றே செய்யுங்கள்.

முதலில் வரும் கடிதங்களில் ஒன்று ஒலிபரப்புக் கட்டணம் கேட்டதாக இருக்கும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. என்னிடம் தொலைக்காட்சியே இல்லையே என்று எல்லோரும் வாதாடிப் பார்த்திருக்கிறோம். ஒன்றும் நடக்காது, கட்டிவிடுங்கள். பலர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும்.

உடம்புக்கு வந்தால்

காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொதுமருத்துவரைப் பிடித்து வையுங்கள். பல இடங்களில் புது நோயாளிகளை எடுக்க மாட்டார்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். நம் ஊர் டாக்டர் ஊசி போட்டு மூன்று வேளை மாத்திரை தருவார். இங்கே மூலிகைத் தேநீர் குடி, படுத்துத் தூங்கு என்று அனுப்புவார்கள். முதலில் கோபம் வரும், பிறகு பழகிவிடும். எழுதித் தரும் மருந்துக்குக் கடையில் 5 முதல் 10 யூரோ வரை உங்கள் பங்கு. வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் நாளே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்கு மேல் நீண்டால் மருத்துவர் சான்று கட்டாயம், சில நிறுவனங்கள் முதல் நாளே கேட்கும்.

உயிர் ஆபத்து என்றால் 112. காவல்துறைக்கு 110. இரவிலோ வார இறுதியிலோ உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லை என்றால் 116117.

போக்குவரத்தும் கடையும்

உபான் என்னும் சுரங்க ரயிலுக்கும் எஸ்பான் என்னும் புறநகர் ரயிலுக்கும் தடுப்புக் கதவு கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. காகித டிக்கெட் வாங்கினால் இயந்திரத்தில் முத்திரை குத்தவும் வேண்டும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்தான். தினம் பயணிப்பவருக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் லாபம். 2026 முதல் மாதம் 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ரத்து செய்வதாக இருந்தால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறிய ஆறு மாதம் வரைதான் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும்.

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் சில கடைகள் திறந்திருக்கும், கூட்டம் தாங்காது. துருக்கியக் கடைகள்தான் நமக்குக் காமதேனு. கொத்தமல்லி, கத்தரிக்காய், வெண்டைக்காய், மைசூர்ப் பருப்பு, வாளி வாளியாகத் தயிர். செவ்வாய், வெள்ளியில் மேபாக்ஊஃபர் கால்வாய்க் கரையில் சந்தை கூடும். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் போனால் பெட்டியோடு மலிவாகத் தருவார்கள். முருங்கைக்காயும் பொன்னி அரிசியும் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும்.

அவர்களுக்கு இந்த ஊரோடு நம்மைவிட நீண்ட கதை உண்டு. 1980களில் போருக்குத் தப்பிய ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராசே நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்கு ரயிலில் போனார்கள். மேற்குத் தரப்பு இரண்டு பெர்லினுக்கும் இடையிலான பிரிவை எல்லையாகவே ஏற்காததால் அங்கே சோதனை போடவில்லை. 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அவர்களுக்கு அடைத்தது. இன்று அதே நிலையத்தில் வண்டி மாறி வேலைக்குப் போகிறேன். பிரிட்ஸ் பகுதியில் அவர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. பெரிய தேர்த்திருவிழா பார்க்க வேண்டுமென்றால் மேற்கே ஹம் நகரின் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில், கோடையில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள்.

குழந்தைகள்

குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் பாலர் காப்பகத்தில் இடம் பெற உரிமை உண்டு. கீட்டா என்பார்கள். பெர்லினில் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. இடம் கிடைப்பது வேறு கதை, இளைஞர் நல அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு நேரில் ஏறி இறங்குங்கள். குழந்தைக்கான உதவித்தொகை 2026இல் மாதம் 259 யூரோ. அதுவாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

விசா புதுப்பிப்பு

குடிவரவு அலுவலகத்துக்கு விசா முடியும் தேதிக்குச் சில மாதம் முன்பே இணையவழியில் விண்ணப்பித்துவிடுங்கள். முடிவதற்கு முன் விண்ணப்பித்திருந்தால்தான் இடைக்காலப் பாதுகாப்பு. நீல அட்டை என்னும் உயர்தகுதி வேலையாளர் அனுமதி வைத்திருப்பவர் 27 மாதத்தில் நிரந்தர அனுமதி கேட்கலாம், பி1 என்னும் இடைநிலை அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில். இந்த ஆறு மாத வித்தியாசத்துக்காகவாவது மாலை வகுப்பில் சேருங்கள். ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே என்னும் மக்கள் கல்லூரியில் கட்டணம் குறைவு. ஐந்து ஆண்டில் குடியுரிமை கேட்க முடியும். 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, ஆனால் இந்தியா ஏற்பதில்லை. இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்க வேண்டியதுதான். அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

ஆட்களோடு பழகுவது

ஜெர்மனில் நீ, நீங்கள் இரண்டும் உண்டு, 'டூ' என்றும் 'ஸீ' என்றும். இந்த நுணுக்கம் தமிழனுக்குப் புதிதல்ல. பெரியவர்களும் அதிகாரிகளும் 'ஸீ'. அலுவலகத்தில் முதலாளி வரை 'டூ' ஆக இருக்கலாம். வயதில் மூத்தவர் 'டூ' என்று சொல்லலாம் என்று அழைத்தால்தான் மாற வேண்டும், நீங்களாக மாறக்கூடாது.

பிறந்தநாளுக்குக் கேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், யாரும் வாங்கித் தர மாட்டார்கள். பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வாழ்த்துச் சொன்னால் அபசகுனம். பேருந்து ஓட்டுநரும் கடைக்காரரும் முகத்தில் அடித்தாற்போலப் பேசுவார்கள். பெர்லின்காரர்கள் ஜெர்மானியர்களிடமே அதற்குப் பெயர் போனவர்கள், உங்கள் நிறத்தைப் பார்த்து மட்டும் அப்படிப் பேசுகிறார்கள் என்று எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டாம். நிறத்துக்காகப் பேசுகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் ஓராண்டில் காதுக்குத் தெரிந்துவிடும்.

டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். முதல் குளிர்காலம் எல்லோரையும் சுருட்டிப் போடும். மதிய இடைவேளையில் இருபது நிமிடமாவது வெளியே நடங்கள். சென்னைக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அம்மாவுக்கு அழைப்பதை இரவுக்குத் தள்ளாதீர்கள், அங்கே அவர்கள் தூங்கப் போயிருப்பார்கள்.

அண்டை வீட்டாரோடு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ரொம்ப நாள் தெரியவில்லை. படிக்கட்டில் ஒரு 'ஹலோ', அதோடு சரி. பிறகு பார்சல்கள் வழி காட்டின. ஆள் இல்லாத வீட்டுப் பார்சலை பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பெட்டியில் சீட்டு வைத்துவிட்டுப் போவது இங்குள்ள வழக்கம். பெரும்பாலான நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் என்பதால் கட்டடத்தின் பார்சல் எல்லாம் என்னிடம்தான் வந்தது. சாயங்காலம் ஒவ்வொருவராகச் சீட்டோடு மேலே ஏறி வருவார்கள். விசில் சத்தத்துக்கு ஓடி வந்த பெண்மணியும் ஒருநாள் வந்தார். சீட்டில் தபால்காரர் எழுதியிருந்த மூன்று பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 'இதில் நீங்கள் யார்?' என்று கேட்டார். அன்று அவருக்கு இரண்டு இட்லி கொடுத்து அனுப்பினோம்.